கைவிளக்கேந்திய காரிகை கற்பித்த பாடம்

கைவிளக்கேந்திய காரிகை என்று சொன்னவுடன் நம் எல்லோருடைய கண்முன்னும் ஒரே படம்தான் தோன்றும். நள்ளிரவு நேரம், நீண்ட கூடம், இருபுறமும் காயமுற்ற போர்வீரர்கள், நடுவே கையில் விளக்கோடு மெல்ல நடந்து வரும் ஒரு பெண்மணி. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் கருணையைப் பற்றிச் சிறு வகுப்புகளிலேயே நாம் படித்திருக்கிறோம். பேச்சுப் போட்டிகளில் பேசிப் பரிசும் பெற்றிருக்கிறோம். அந்தப் படத்தில் அம்மையார் தனியாகவே நடந்து வருவதால், அத்தனை பெரிய மருத்துவமனையையும் அவர் ஒருவரே தாங்கினார் என்றுதான் நாங்களும் வெகுநாள் எண்ணியிருந்தோம்.

அந்த எண்ணம் மாறியதற்கு எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி காரணம். சென்ற ஆண்டு எங்கள் அம்மா பன்னிரண்டு நாள்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அதுவரை எங்கள் வீட்டில் எல்லா வேலைகளையும் அம்மாவே செய்வார். நாங்கள் உதவிக்குப் போனால், போய்ப் படியுங்கள் என்று அனுப்பிவிடுவார். அம்மா இல்லாத வீட்டில் ஒரு படி அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ரேஷன் அட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பாட்டிக்குக் காலையில் தர வேண்டிய மாத்திரையை இரவிலும், இரவில் தர வேண்டியதைக் காலையிலும் இரண்டு நாள்கள் மாற்றிக் கொடுத்துவிட்டோம். மூன்றாம் நாள் பாட்டி தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று நாங்கள் அழுத அழுகை இறைவனுக்குத்தான் தெரியும்.

இதைக் கேள்வியுற்ற எங்கள் வகுப்புச் சகோதரி, நைட்டிங்கேல் அம்மையாரின் வரலாற்றை முழுவதும் படிக்குமாறு விடுமுறையில் எங்களைப் பணித்தார். ஏன் அதைப் படிக்கச் சொல்கிறார் என்று அப்போது விளங்கவில்லை. படித்து முடித்தபின் விளங்கியது. அதையே இங்கு எழுதுகிறோம்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே திங்கள் 12ஆம் நாள் இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரே அவருக்கும் பெயராயிற்று. பெற்றோர் இங்கிலாந்தைச் சேர்ந்த செல்வந்தர்கள். தந்தையார் வில்லியம் எட்வர்டு நைட்டிங்கேல் தம் இரு பெண்களுக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு முதலியவற்றைத் தாமே கற்பித்தார். கணக்கில் பிளாரன்சுக்கு அளவிலா விருப்பம். வேலைக்காரர்கள் நிறைந்த வீடு. விருந்து, உலா, தையல் என்று பொழுது போகும் வாழ்க்கை. அந்த வாழ்க்கை அவருக்கு இனிக்கவில்லை. 1837ஆம் ஆண்டு, தம் பதினாறாம் வயதில், இறைவன் தம்மை ஒரு பணிக்கு அழைப்பதாக உணர்ந்தார். நோயாளிகளுக்குத் தொண்டு செய்ய விரும்பினார். நல்ல குடும்பத்துப் பெண்கள் மருத்துவமனை வேலைக்குப் போவது இழிவென்று கருதப்பட்ட காலம் அது. பெற்றோர் மறுத்தனர். பல ஆண்டுகள் காத்திருந்து, 1851ஆம் ஆண்டில்தான் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் மூன்று மாதங்கள் பயிற்சி பெற முடிந்தது. பாரிஸ் நகரில் அன்புச் சகோதரிகள் நடத்திய மருத்துவப் பணியையும் பின்னர் பார்த்துக் கற்றார்.

1853ஆம் ஆண்டில் இலண்டன் ஹார்லி வீதியில் இருந்த ஒரு சிறிய மருத்துவ இல்லத்துக்கு அவர் மேற்பார்வையாளரானார். அங்கு அவர் முதலில் கேட்டவை எவை தெரியுமா? மாடிக்கு உணவைத் தூக்கிச் செல்ல ஓர் ஏற்றப்பொறி, ஒவ்வொரு தளத்துக்கும் வெந்நீர்க் குழாய், எந்த நோயாளி அழைக்கிறார் என்று காட்டும் மணி. தாதிமார் நாள் முழுவதும் படி ஏறி இறங்கினால் நோயாளியை யார் பார்ப்பது என்பதே அவருடைய கேள்வி. ஒருவரிடம் வேலையைக் கொடுக்குமுன் அதைச் செய்வதற்கான வசதியைக் கொடுக்க வேண்டும் என்பதை அப்போதே அவர் அறிந்திருந்தார். துடைப்பம் கொடுக்காமல் கூட்டச் சொல்வது நியாயமாகுமா?

அடுத்த ஆண்டே பெரிய சோதனை வந்தது. ரஷ்யாவை எதிர்த்துக் கிரிமியாவில் நடந்த போரில் பிரிட்டிஷ் வீரர்கள் கவனிப்பாரற்று மடிவதாகச் செய்தித்தாள்கள் எழுதின. போர்த்துறைச் செயலராயிருந்த சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரின் நண்பர். அவர் வேண்டிக்கொண்டபடி 1854ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் 38 பெண்களுடன் அம்மையார் புறப்பட்டார். அவர்களுள் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர். நவம்பர் 4ஆம் நாள், துருக்கியின் அன்றைய தலைநகருக்கு எதிர்க்கரையிலிருந்த ஸ்குட்டாரி படைமனை மருத்துவமனையை அடைந்தார்கள். அங்கே படுக்கைகளின் வரிசை மட்டுமே சுமார் 4 மைல் நீளம் என்று சொல்வர். எங்கும் அழுக்கு, எலி, பேன். கட்டடத்தின் கீழே அடைபட்ட சாக்கடை.

இத்தனை பெரிய வேலையை ஒருவர் செய்ய முடியுமா? அம்மையார் வேலையைப் பிரித்தார். துணி வெளுப்பதற்கென்று ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். கொதிகலன்கள் வைத்தார். வீரர்களோடு வந்து வறுமையில் வாடிக்கொண்டிருந்த அவர்களுடைய மனைவியரை அங்கே வேலைக்கு அமர்த்திக் கூலி கொடுத்தார். வீரர்களுக்குத் தூய்மையான சட்டை கிடைத்தது. அந்தப் பெண்களுக்குப் பிழைப்பும் கிடைத்தது.

சமையற்கட்டின் நிலையோ இன்னும் மோசம். ஒவ்வொரு பிரிவினரும் தங்கள் இறைச்சித் துண்டுக்கு ஓர் அடையாளத்தைக் கட்டி, ஒரே கொப்பரையில் போடுவார்களாம். ஒரு துண்டு வெந்திருக்கும்; மற்றொன்று பச்சையாக இருக்கும். நோயாளிகளுக்கான தனி உணவைச் சமைக்கும் பொறுப்பை, இலண்டன் பெர்மாண்ட்சி மடத்தின் தலைவி அன்னை மேரி கிளேர் மூரிடம் அம்மையார் ஒப்படைத்தார். இவர் இரக்கத்தின் சகோதரிகள் சபையைச் சேர்ந்தவர். அம்மையாரைவிட ஆறு வயது மூத்தவர். மடத்தையும் மருத்துவப் பணியையும் பல ஆண்டுகள் நடத்திய அனுபவம் உடையவர். அம்மையார் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் யார் எந்த மதம் என்று பாராமல், யாரால் எது முடியும் என்று பார்த்தார். பின்னாளில், தலைமைப் பொறுப்புக்குத் தம்மைவிட அன்னை கிளேரே தகுதியுடையவர் என்று மனம் திறந்து அவருக்கே எழுதினார். தனக்குக் கீழே பணி செய்தவரைத் தன்னிலும் மேலானவர் என்று ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்?

1855ஆம் ஆண்டில் அலெக்சிஸ் சோயர் என்ற புகழ்பெற்ற சமையற்கலைஞர் தாமாகவே ஸ்குட்டாரிக்கு வந்து சேர்ந்தார். அம்மையார் அவரை மகிழ்வுடன் வரவேற்றார். சோயர் தாமே நின்று சமைத்துவிட்டுப் போகவில்லை. படைவீரர்களுக்குச் சமையலைக் கற்பித்தார். குறைந்த விறகில் எரியும் அடுப்பொன்றையும் அமைத்தார். அதனால் அவர் அடுத்த ஊருக்குப் போனபின்பும் அடுப்பு எரிந்தது. வீரர்களுக்கு நல்ல கஞ்சி கிடைத்தது.

இப்போது அந்த விளக்கின் கதைக்கு வருவோம். இரவு 8 மணிக்குமேல் தாதியர் எவரும் நோயாளிகளின் கூடங்களில் இருக்கக்கூடாது என்பது அம்மையார் வகுத்த விதி. இரவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் ஆண் ஊழியர்கள். அம்மையார் மட்டும் விளக்கோடு சுற்றி வருவார். தண்ணீர் வைத்திருக்கிறார்களா, கட்டு அவிழ்ந்திருக்கிறதா, எவரேனும் அழைத்துக் கேட்பாரற்றுக் கிடக்கிறாரா என்று பார்ப்பார். அவர் வருவார் என்ற நம்பிக்கையில் வீரர்கள் உறங்கினார்கள். அவர் வருவார் என்று அறிந்ததால் ஊழியர்களும் கவனமாக இருந்திருப்பார்கள். ஆகவே அந்த விளக்கு கருணையின் விளக்கு மட்டுமன்று. பிறரிடம் ஒப்படைத்த வேலை நடந்ததா என்று பார்த்துவரும் விளக்கும் அதுவே. இதை அறிந்தபோது எங்களுக்கு அந்தப் பழைய படம் புதிதாகத் தெரிந்தது.

ஆனால் அம்மையார் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே சரியாகச் செய்துவிட்டார் என்று நினைக்கலாகாது. பகலெல்லாம் நோயாளிகளோடு இருந்துவிட்டு, இரவில் அறிக்கைகளையும் கணக்குகளையும் இறந்த வீரர்களின் வீடுகளுக்குக் கடிதங்களையும் தம் கையாலேயே எழுதினார். 1855ஆம் ஆண்டு மே திங்களில் கிரிமியாவின் பாலக்லாவாவுக்குச் சென்றவர் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். பல நாள்கள் உயிருக்கே போராட்டம். பிழைத்தெழுந்தாலும், பழைய உடல்நலம் அவருக்குத் திரும்பவே இல்லை.

இன்னோர் உண்மையையும் சொல்ல வேண்டும். ஸ்குட்டாரியில் சாவுகள் விரைந்து குறைந்தது 1855ஆம் ஆண்டு மார்ச்சு திங்களுக்குப் பிறகுதான். இங்கிலாந்து அரசு அனுப்பிய சுகாதாரக் குழுவினர் அப்போது வந்து சாக்கடைகளைத் தூய்மை செய்து, நீரையும் காற்றோட்டத்தையும் சீர்படுத்தினார்கள். நாடு திரும்பியபின் அம்மையார் புள்ளிவிவர அறிஞர் வில்லியம் ஃபார் அவர்களோடு கணக்குகளை ஆராய்ந்தார். காயத்தால் இறந்தவர்களைவிடச் சுகாதாரக் கேட்டால் வந்த நோய்களால் இறந்தவர்களே மிகுதி என்று கண்டார். தம் கருணையால் மட்டும் அது தீரவில்லை என்பதை மறைக்காமல், வண்ணப் படங்கள் வரைந்து உலகுக்குக் காட்டினார். பொறியாளர் செய்ய வேண்டியதைத் தாதி செய்ய முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் உரியவர் வேண்டும்.

1856ஆம் ஆண்டு ஆகஸ்டில் எவருக்கும் அறிவிக்காமல் வீடு திரும்பிய அம்மையார், அடுத்த ஆண்டு மீண்டும் நோயில் வீழ்ந்தார். அதன்பின் வாழ்நாளின் பெரும்பகுதியை அறைக்குள்ளேயே கழித்தார். ஆனால் அவருடைய பெரும்பணிகள் பல அந்த அறையில்தான் நடந்தன. எழுந்து நடக்க முடியாதவர் என்ன செய்வார்? பிறர் வழியாகத்தான் செய்ய வேண்டும். பல்லாயிரம் கடிதங்கள் எழுதினார். இந்தியாவுக்கு அவர் ஒருமுறையும் வந்ததில்லை. ஆயினும் இங்கிருந்த படைமுகாம்களுக்கெல்லாம் கேள்வித்தாள்கள் அனுப்பச் செய்து, குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்றெல்லாம் விவரம் திரட்டினார். அரசு நியமித்த குழுவின் அறிக்கை 1863இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் குழுக்கள் அமைந்தன. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவோடும் அம்மையார் கடிதத் தொடர்பு வைத்திருந்தார்.

அந்த அறையிலிருந்தபடியே அவர் எழுதிய நோட்ஸ் ஆன் நர்சிங் என்னும் நூல் இல்லத்தரசிகளுக்காகவே எழுதப்பட்டது. அதில் சிறு நிர்வாகம் என்று பொருள்படும் தலைப்பில் ஓர் அதிகாரம் உண்டு. நாம் அருகில் இருக்கும்போது நடக்கும் வேலை, நாம் இல்லாதபோதும் நடக்குமாறு ஏற்பாடு செய்யாவிட்டால் நம் நற்பணி அனைத்தும் வீணாகும் என்பது அதன் கருத்து. பொறுப்பேற்பது என்றால் எல்லாவற்றையும் தானே செய்வதல்ல. ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்யுமாறு பார்ப்பதுதான் என்கிறார். நான் இல்லாவிட்டால் இங்கு ஒன்றும் நடக்காது என்று சிலர் பெருமை பேசுவார்கள் அல்லவா? அது பெருமைக்குரியதே அல்ல என்பது அவருடைய முடிவு. இதைப் படித்தபோது எங்களுக்குப் பாட்டியின் மாத்திரைப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

இவ்வளவு அறிந்த அம்மையாரும் ஓரிடத்தில் தவறினார். தம்மால் நேரில் போக முடியாத இடங்களுக்கெல்லாம் நண்பர் சிட்னி ஹெர்பர்ட்டையே அனுப்பினார். குழுவுக்குப் பின் குழு, அறிக்கைக்குப் பின் அறிக்கை. ஹெர்பர்ட் சிறுநீரக நோயால் மெலிந்துகொண்டே வந்தார். அம்மையாரோ இடையில் நிறுத்தச் சம்மதிக்கவில்லை. 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஹெர்பர்ட் காலமானார். அப்போது அவருக்கு வயது 50. அம்மையார் ஆற்றொணாத் துயரம் அடைந்தார். ஒருவரிடம் வேலையைத் தருகிறவர் அவருடைய திறமையைப் பார்த்தால் போதாது. அவரது உடல்நிலையையும் பார்க்க வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது. வகுப்பில் நன்றாக வரைகிற தோழியிடமே ஆண்டு முழுவதும் எல்லாப் படங்களையும் வரையச் சொல்கிறோமே, அவளும் படிக்க வேண்டுமல்லவா?

மக்கள் அன்புடன் அளித்த சுமார் 45,000 பவுன் நிதியைக் கொண்டு 1860ஆம் ஆண்டில் இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப்பள்ளி தொடங்கப்பட்டது. முதலில் சேர்ந்தவர்கள் 15 பேர். பள்ளியை அம்மையார் தாமே நடத்தவில்லை. அம்மருத்துவமனையின் தலைமைத் தாதி வார்ட்ரோப்பர் அம்மையாரிடம் ஒப்படைத்தார். ஆனால் ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, மாணவியருக்குப் பாடங்களே ஒழுங்காக நடைபெறவில்லை எனத் தெரிந்தது. அவர் மனம் நொந்தார். எனினும் பள்ளியைப் பிடுங்கித் தம் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. 1872ஆம் ஆண்டு முதல் மாணவியரைக் கவனிக்கத் தனியே ஒரு சகோதரியை அமர்த்தச் செய்தார். கற்பிக்கப் புதிய மருத்துவரை ஏற்பாடு செய்வித்தார். மாணவியரைத் தம் வீட்டுக்கு அழைத்துப் பேசினார். கொடுத்துவிட்டோம் என்று மறந்துவிடுவது ஒப்படைப்பதாகாது என்று அறிந்துகொண்டார். இதைத்தான் எங்கள் அப்பா, விதைத்துவிட்டு வயல் பக்கமே போகாத உழவன் என்று சொல்வார்.

அப்பயிற்சிப்பள்ளியில் பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ் 1865ஆம் ஆண்டில் 12 தாதியரோடு லிவர்பூல் நகரின் ஏழையர் விடுதி மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அரும்பணியாற்றி, 1868ஆம் ஆண்டு காய்ச்சல் கண்டு 35ஆம் வயதில் உயிர் நீத்தார். அம்மையார் மிகவும் வருந்தினார். ஆனால் ஆக்னஸ் தொடங்கிய பணி அவரோடு மறையவில்லை. அதே 1868ஆம் ஆண்டில் லூசி ஆஸ்பர்ன் என்பவர் ஐந்து தாதியரோடு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குச் சென்றார். இப்படி ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றப்பட்டன. 1907ஆம் ஆண்டில் ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் உயர்விருதைப் பெற்ற முதல் பெண்மணி ஆனார் நைட்டிங்கேல். 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தம் 90ஆம் வயதில் உறக்கத்திலேயே இறைவனடி சேர்ந்தார். ஆரவாரமின்றி, அவர் விரும்பியபடியே, ஹாம்ப்ஷயரில் தம் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். கடைசி ஆண்டுகளில் அவருக்குக் கண்பார்வை இல்லை. ஆயினும் அவர் தொடங்கிய எந்தப் பணியும் நின்றுவிடவில்லை.

அன்புத் தோழியரே, நம் திருவள்ளுவரும் தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். தகுந்தவரைத் தேர்ந்து வேலையைத் தர வேண்டும் என்பது அரசருக்கு மட்டும் உரிய நீதியன்று. அடுப்படிக்கும் அது பொருந்தும். அம்மையாரின் வாழ்விலிருந்து நாங்கள் கற்றவை இவை: தகுந்தவரைப் பார்த்துக் கொடு. கொடுக்குமுன் கற்பி. செய்வதற்கான கருவியையும் கொடு. கொடுத்தபின் விளக்கோடு ஒருமுறை சுற்றிப் பார். அவரால் தாங்க முடிகிறதா என்றும் கேள்.

அம்மா நலமாக வீடு திரும்பியபின் எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் செய்தோம். பாட்டியின் மாத்திரைகளுக்குக் காலை, மதியம், இரவு என்று எழுதிய மூன்று டப்பாக்கள் வைத்தோம். அது எங்கள் பொறுப்பு. தண்ணீர் பிடித்து வைப்பதும் ரேஷன் கடைக்குப் போவதும் தம்பியின் பொறுப்பு. ஆண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று பாட்டி முதலில் முணுமுணுத்தார். ஸ்குட்டாரியில் ஆண்களும் சமைத்தார்கள் என்று சொன்னதும் சிரித்துவிட்டார். முதல் வாரம் தம்பி சர்க்கரையை மறந்து வந்தான். அம்மா தாமே கடைக்குக் கிளம்பினார். நாங்கள் தடுத்து அவனையே மறுபடி அனுப்பினோம். இப்போது அவன் மறப்பதில்லை. இரவில் படுக்கப் போகுமுன் அம்மா ஒருமுறை வந்து டப்பாக்களைத் திறந்து பார்ப்பார். அந்த நேரத்தில் அவர் கையில் விளக்கில்லை. ஆனால் எங்கள் கண்ணுக்கு இருப்பது போலவே தோன்றும்.

அன்புள்ள பெற்றோரே, படிப்பு கெடும் என்று அஞ்சி எங்களை அடுப்படியிலிருந்து விரட்டிவிடாதீர்கள். ஒரு சிறு பொறுப்பைத் தாருங்கள். முதலில் தவறுவோம், பொறுத்துக்கொண்டு கற்றுத் தாருங்கள். நீங்கள் வெளியூர் சென்றாலும் நோயுற்றாலும் வீடு நடக்க வேண்டாமா? அன்றைக்குத்தான் நீங்கள் எங்களுக்குத் தந்தது என்னவென்று தெரியும்.